ஒரு விரல் உயரம்

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் மனைவி, பாப்பா மூவரும் சுகம். அத்தானின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டதா, இல்லை இன்னும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருக்கிறாரா?

உங்கள் விதி அலுவலகத்தின் புது ஒழுங்கைக் கேட்டு எங்கள் ஷெட்டில் ஒரே சிரிப்பு. ரேஸ் அணிக்காரர்களோடு பேசும் ஒவ்வொரு போனையும் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாமே! கூடப் பிறந்த தம்பி மெக்கானிக்காக இருந்தாலும் விலக்கு கிடையாதாம். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்ல மட்டும் அந்த மேதாவிகளுக்குத் தோன்றவில்லை. ஹாஸ்டலை விட்டு வந்த பிறகு இப்போதுதான் உனக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். நாக்கில் அதே பசை ருசி.

முதல் ரேஸில் நாங்கள் இரண்டாவது! முதலாளி டயர் கடை வைத்திருந்த காலத்திலிருந்து கூட இருக்கிறேன், இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. காரைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறோம். எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கு அடித்தட்டு தரையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், வளைவில் பறக்கலாம். ஒரே ஒரு கெட்ட குணம், நேர்ப்பாதையில் வேகம் ஏறினால் கார் குதிக்கும். குதிப்புக்குப் பயந்து மற்றவர்கள் காரை உயர்த்திவிட்டார்கள். 'பெரிய வீடு' என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பணக்கார அணிக்காரர்கள் கூட உயர்த்திவிட்டார்கள். அத்தனை பணம், அத்தனை என்ஜினீயர்கள், கண்ணாடிக் கதவு வைத்த ஷெட், என்ன பிரயோஜனம்? நாங்கள் ஸ்பிரிங்கைக் கல்லாக இறுக்கிவிட்டு, குதித்தால் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சிட்டு தாங்கிக்கொள்கிறான். எங்கள் டிரைவரை நீ பார்த்திருப்பாய், ஆள் அவ்வளவுதான் இருப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் முதுகை அச்செடுத்து நானே சீட் செய்து கொடுத்தேன். நேற்று வந்து, "அண்ணே, அடியில கொஞ்சம் ஸ்பாஞ்சு வச்சுக் குடுங்கண்ணே" என்கிறான். "உனக்கு சோபாவே போட்டுத் தரவாடா?" என்றேன். ஸ்பாஞ்ச் வைத்தால் ஆள் உயர்வான், ஹெல்மெட் காற்றில் இடிக்கும், வேகம் போகும். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அத்தானுக்கு என் வணக்கம். பல்லைப் பத்திரப்படுத்தச் சொல்.

உன் தம்பி

மார்ச் 27

அன்புள்ள தம்பி,

எல்லோரும் நலம். பல் வெளியே வந்துவிட்டது. தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அத்தான் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஸ்பிரிங், அடித்தட்டு இதையெல்லாம் எனக்கு எழுதாதே. உன் கார் எங்கள் சோதனை ஷெட்டுக்குள் வந்தாலே நான் வெளியே போய்விட வேண்டும். அக்கா தம்பி என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. போய் டீ குடிக்கிறேன், டீ படுமோசம். டிரைவர்களின் எடையை மட்டும் எல்லா அணிக்கும் நான் பார்க்கலாம். மனிதனின் எடையில் என்ன பித்தலாட்டம் செய்ய முடியும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ரேஸ் முடிந்ததும் ஒவ்வொருவனும் காரிலிருந்து நேராக என் எடைமேடைக்கு வர வேண்டும். வழியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. மேடையில் நிற்கும்போது யாரும் தொடக் கூடாது. எடை போடாமல் போனால் ஜெயித்தது செல்லாது. "ஏறுங்க, யாரும் தொடாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, போன வாரம் பஸ்ஸில் ஏறிய அத்தானைப் பார்த்தும் அதையே சொன்னேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உன் சிட்டுவையும் பார்த்தேன். மேடையிலிருந்து இறங்கும்போது பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தான். இருபத்தைந்துகூட ஆகாத பையன் அப்படி இறங்கலாமா? அந்த ஸ்பாஞ்சைத்தான் வைத்துக் கொடேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். இருமல் விட்டதா என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

உடம்பு, மனசு, ஷெட்டுக் கூரை எல்லாம் நலம். பாப்பாவின் இருமல் போய்விட்டது, இப்போது அவள் அம்மா இருமுகிறாள்.

இரண்டு ரேஸ், இரண்டிலும் முதலிடம்! பாயிண்ட் கணக்கில் பெரிய வீட்டுக்கு மேலே நம் பெயர். அவர்கள் மேலாளர் எங்கள் ஷெட் வாசலில் நின்று காரின் அடியில் எட்டிப் பார்க்கிறார். "பேனா கீழ விழுந்துடுச்சா சார்?" என்று கேட்டேன். விறுவிறுவென்று திரும்பி நடந்தார். அந்த நடையைப் பார்ப்பதற்கே இத்தனை வருடம் கிரீஸில் கிடந்திருக்கலாம்.

ஸ்பாஞ்ச் வைக்க முடியாது, காரணத்தை முன்பே எழுதினேன். சிட்டுவுக்கு இப்போது புதுப் பழக்கம் ஒன்று. காரில் ஏறும் முன் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் போட்டுக்கொள்கிறான். மூச்சுப் பயிற்சியாம். டயர்காரன் அவனைத் தாண்டித் தாண்டிப் போகிறான். ரேஸ் முடிந்து கையுறையைக் கழற்ற என்னைக் கூப்பிடுகிறான், விரல் மரத்துப்போகிறதாம். ஜெயிக்கிறவன் கொஞ்சம் செல்லம் கொஞ்சத்தான் செய்வான், விடு.

உங்கள் அலுவலகத்தில் என்னவோ வேகிறது என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன். சீசன் நடுவில் விதியை மாற்றப் போகிறார்களாமே? உண்மையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

தம்பி

மே 30

அன்புள்ள தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது. அத்தான் நலம். நானும் நலம்.

நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது. கேட்காமலிருந்தால் நல்லது.

சிட்டுவை அணிக்குச் சம்பந்தமில்லாத வெளி டாக்டர் ஒருவரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ. நான் சொன்னதாக அவனிடம் சொல்லாதே.

உன் மனைவிக்கு இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா

ஜூன் 21

அக்கா,

நலமெல்லாம் கிடக்கட்டும். எங்களுக்கு எந்த நலமும் இல்லை.

சுற்றறிக்கை வந்துவிட்டது. உனக்குத் தெரியாததா? "டிரைவர்களின் உடல்நலனைக் கருத்தில் கொண்டு" எல்லாக் கார்களும் இந்த ரேஸிலிருந்தே ஒரு விரல் உயர வேண்டுமாம். சீசன் பாதி தாண்டியாயிற்று. கால்பந்தாட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு கோல் கம்பத்தை நகர்த்துவார்களா? ஒரு விரல் என்றால் உனக்கு ஒரு விரல். எங்களுக்கு அதுதான் கார். குளிர்காலம் முழுவதும் நாங்கள் செய்த அடித்தட்டு அந்த உயரத்தில் வெறும் பலகை.

அதுவாவது போகட்டும். அடியில் இரண்டாவது பாராவைப் படித்தாயா? "அடித்தட்டு ஆடாமலிருக்க மேலிருந்து ஒரு கம்பி பொருத்திக்கொள்ளலாம்." கம்பி பொருத்தினால் யாருக்கு லாபம்? ஆடுகிற அடித்தட்டு வைத்திருக்கிறவனுக்கு. ஆடுகிற அடித்தட்டு யாரிடம் இருக்கிறது? சுற்றறிக்கையை வியாழக்கிழமை சாயங்காலம் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை பெரிய வீட்டுக் காரில் கம்பி நிற்கிறது. அக்கா, அதற்குப் பெயிண்ட் அடித்துக் காய்ந்தும் இருந்தது! நான் விரலால் தொட்டே பார்த்தேன். அவர்கள் மேலாளர் என்னைப் பார்த்து, "பேனா விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

குமட்டுகிறது. இத்தனை நாள் எவன் முதுகைப் பற்றியும் கவலைப்படாதவர்களுக்கு, பெரிய வீடு வரிசையாகத் தோற்றதும் டிரைவர்களின் முதுகெலும்பு கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் காதில் பூச்சுற்ற முதுகெலும்புதானா கிடைத்தது? சுற்றறிக்கையைக் கிழித்து எண்ணெய்த் தொட்டியில் போட்டேன். அப்புறம் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று, ஷெட்டில் ஒட்டாவிட்டால் அதற்கும் அபராதமாம்.

இந்தக் கூட்டத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எப்படித்தான் டீ குடிக்கிறாய்?

உன் தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. உனக்குத் தெரியாததையும் சொல்கிறேன். ஏப்ரலிலேயே ஒரு டிரைவர் எங்கள் ஆள் ஒருவரிடம் வந்து, இந்தக் குதிப்பை நிறுத்தச் சொல்லுங்கள், என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம் என்று சொன்னான். விஷயம் குழுவுக்குப் போனது. செயலாளர் தலையை ஆட்டினார், பிஸ்கட்டை டீயில் தோய்த்தார், "பாக்கலாம்" என்றார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மறுபடி கேட்டபோதும் அதே "பாக்கலாம்". பிறகு பெரிய வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. அந்தப் போனை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வாரத்தில் சுற்றறிக்கை தயார், கம்பிக்கு அளவோடு. கூட்டத்தில் அதை வாசித்தபோது எனக்கும் வாயில் கசந்தது. எழுந்து கழுவும் தொட்டிக்குப் போய்த் துப்பிவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் தம்பி, இதைக் கோபமில்லாமல் படி. கொண்டு வந்தவர்கள் அயோக்கியர்கள். அதற்காக அந்த டிரைவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடுமா? கார் உயர்ந்த பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்பதும் ஒரு விஷயம்தானே?

அது யார் என்று என்னைக் கேட்காதே.

எல்லோருக்கும் அன்பு. சாப்பிடாமல் வேலை பார்க்காதே.

அக்கா

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன்.

எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி, பெயர் சொல்லத் துணிவில்லாதவன், உங்களிடம் வந்து ஒப்பாரி வைத்தான். அவனுக்காக எங்கள் கழுத்தில் கத்தி. வலி என்றால் இறங்கிப் போய் வேறு வேலை பார்க்கட்டுமே! எந்த அணிக்காரன் என்று தெரிந்தால் நேரிலேயே கேட்டுவிடுவேன்.

நாங்கள் இப்போது ஐந்தாவது, ஆறாவது என்று வருகிறோம். பெரிய வீடு நெருங்கிக்கொண்டே வருகிறது. இதில் எனக்கு ஆத்திரம் யார் மேல் தெரியுமா? சிட்டு மேல்தான். தோற்கத் தொடங்கியதிலிருந்து பயலுக்கு வாய் நீண்டுவிட்டது. டயர்காரனோடு பந்து விளையாடுகிறான். மூச்சுப் பயிற்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கையுறையைத் தானே கழற்றிக்கொள்கிறான். போன வாரம் ஏழாவதாக வந்துவிட்டு விசிலடித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வருகிறான்! "உனக்குச் சூடு சொரணை இருக்காடா?" என்று கேட்டேன். "சாரிண்ணே" என்றான். முகத்தில் சாரியைக் காணோம்.

மேல்முறையீடு போட்டுவிட்டோம். சீசன் நடுவில் விதியை மாற்றியது தவறு என்று எங்கள் வக்கீல் அடித்துச் சொல்கிறார். ஆனால் உடல்நலம் என்ற சாக்கை உடைக்க ஒரு டிரைவர் வந்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். சிட்டுவைக் கேட்டோம். கொஞ்ச நேரம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி, "அடுத்த வருஷ கான்ட்ராக்ட் மேசை மேலயே இருக்கு தம்பி" என்றார். "சரி சார், சொல்றேன்" என்றான். அவ்வளவுதான்.

விசாரணைக்கு நீயும் வருவாய் அல்லவா? அங்கே என்னைத் தெரியாதது போல் இரு, உன் ஒழுங்கு கெட்டுவிடாமல்.

தம்பி

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், ஆயிரம் முறை நலம்! ஜெயித்துவிட்டோம். விதி அடுத்த சீசனுக்குத் தள்ளிவைப்பு. மீதியிருக்கும் இரண்டு ரேஸுக்கும் கார் மறுபடி தரைக்கு வருகிறது. தீர்ப்பை வாசித்ததும், விசாரணை நடந்த அந்த ஹோட்டல் மாடிப்படியிலேயே முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை, விலா எலும்பு இன்னும் வலிக்கிறது.

எங்கள் வக்கீலைக் கவனித்தாயா? உங்கள் செயலாளர் திணறித் திணறி, பெயர் சொல்லாத புகார் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தாரே, உடனே, "பேர் இல்லாத முதுகுக்கு வலி மட்டும் எப்படிங்க வந்துச்சு?" என்று போட்டார் ஒரு போடு. மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான்.

சிட்டுவும் நன்றாகச் சொன்னான். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. குதிக்கும், ஆனா பழகிடுச்சு." குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. அவன் பேசும்போது நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் உன் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் அக்கா முகத்தை அப்படி வைத்திருந்தாய்? உங்கள் ஆட்கள் தோற்றதற்கு நீ ஏன் முகம் தொங்கப் போட வேண்டும்? வெளியே உனக்காகக் காத்திருந்தேன். யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து, இரண்டு டீயும் வாங்கி வைத்திருந்தேன். நீ வேறு வாசல் வழியாகப் போய்விட்டாய். இரண்டையும் நானே குடித்தேன்.

கோபமா? எழுது.

தம்பி

அக்டோபர் 24

தம்பி,

நாங்கள் நலம். நீ இதை உட்கார்ந்து படி.

ஏப்ரலில் வந்த அந்த டிரைவர் சிட்டு. வந்தது என்னிடம்தான்.

நீங்கள் இரண்டாவது முறை ஜெயித்த அன்று எடைமேடையில் ஏறியவன் இறங்க முடியாமல் நின்றான். அடுத்தவன் வரும் வரை, ஹெல்மெட்டுக்குள் ஏதோ விழுந்ததைத் தேடுவது போல நடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, இடுப்புக்குக் கீழ அப்பப்போ ஒண்ணும் தெரியலக்கா. உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி இந்தக் குதிப்ப நிறுத்தச் சொல்லுங்க. அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க, டீம்ல என் சீட்டு போயிடும்" என்றான். வாக்குக் கொடுத்தேன். பெயரில்லாமல் குழுவில் சொன்னேன். பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவன் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். எழுந்தால் அவன் வேலை போகும் என்று உட்கார்ந்திருந்தேன். என் வேலையும் போகும் என்பதும் நினைவில் இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது.

கார் உயர்ந்திருந்த மாதங்களில் மேடையில் துள்ளி ஏறினான். "இப்ப நல்லாத் தூங்குறேன்கா" என்றான். நீ அதைத்தான் சூடு சொரணை இல்லை என்று எழுதினாய்.

போன ஞாயிறு நீங்கள் மறுபடி ஜெயித்தீர்கள். அவன் மேடைக்கு வந்தபோது உதட்டில் ரத்தமே இல்லை. எண் விழுந்ததும் மறுபடி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினான்.

வாக்கை மீறிவிட்டேன். அவன் என்னைத் திட்டட்டும். இன்னும் ஒரு ரேஸ் இருக்கிறது. காரை உயர்த்த விதி வேண்டியதில்லை, உன் கையில் ஸ்பேனர் இருக்கிறது.

அக்கா

நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே ஒரே மருந்து நாற்றம்.

உன் கடிதம் ரேஸுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போடவில்லை. என்ன எழுதுவது? லாரிக்குப் பின்னால் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமாண்ணே, நான்தான் சொன்னேன். அது அப்போ. இப்ப ஒரே ஒரு ரேஸ்தானண்ணே." "கார ஒசத்திடறேன்டா" என்றேன். "ஒசத்துனா ஜெயிப்போமா?" என்று கேட்டான். மாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அப்ப விடுங்கண்ணே. பெரிய வீட்டுக்காரன் கையில தூக்கிக் குடுக்கவா இவ்ளோ பட்டோம்?" அக்கா, அந்த வார்த்தை என் வார்த்தை. வருடம் முழுக்க ஷெட்டில் நான் கத்திக்கொண்டிருந்தது. அதையே அவன் எனக்குத் திருப்பிச் சொல்கிறான். ஆனாலும் விட்டேன். ஸ்பாஞ்சை மட்டும் வைத்துக் கொடுத்தேன், ஏதோ பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி.

ரேஸை நீயும் பார்த்தாய். ஜெயித்தான். கார் வந்து நின்றது, எல்லோரும் ஓடினோம், முதலாளி அழுகிறார், நான் காரின் மூக்கில் தட்டி, "எறங்குடா ராசா" என்றேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே இருந்தான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். "அண்ணே, கால் எங்க இருக்குன்னு தெரியலண்ணே" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

நானும் டயர்காரனும் சீட்டோடு சேர்த்து வெளியே எடுத்தோம். எங்கள் மேலாளர் கூடவே ஓடி வந்தார். "நேரா எடைமேடைக்குக் கொண்டு போங்கடா. எடை போடலன்னா எல்லாம் போச்சு." விபத்தில் அடிபட்டவனுக்கு எடையிலிருந்து விலக்கு உண்டுதானே என்று கேட்டேன். "இவன் எங்கய்யா அடிபட்டான்? இவன் ஜெயிச்சிருக்கான்" என்றார். விதி அவருக்கு அத்தனை சுத்தமாகப் பாடம்.

மேடைக்குப் பக்கத்தில் நீ நின்றாய். எங்களைப் பார்த்ததும் உன் வாய் தானாகச் சொன்னது: "ஏறுங்க, யாரும் தொடாதீங்க." சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மேலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ரெண்டே செகண்ட். நிக்க வச்சிட்டுக் கைய எடு. அப்புறம் எங்க வேணா தூக்கிட்டுப் போ." நான் நின்றுவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, நின்றேன். கோப்பை அங்கேயே, நாலு எட்டு தள்ளி, மேசை மேல் இருந்தது. அதைப் பார்த்தேன்.

பிறகு சிட்டு இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் எல்லாம் அருவருப்பாகிவிட்டது அக்கா. பெரிய வீடு, சின்ன வீடு, உங்கள் செயலாளர், எங்கள் மேலாளர், நான், எல்லாம் ஒரே சாக்கடை. டயர்காரனிடம், "நிக்காத, நட" என்றேன். மேடையைத் தாண்டி ஆம்புலன்ஸுக்கு நடந்தோம். சிட்டு என் கையில் அடித்துக்கொண்டே வந்தான். "எறக்குங்கண்ணே, எறக்குங்கண்ணே" என்று கத்தினான்.

டாக்டர்கள் முதுகில் கத்தி வைத்துவிட்டார்கள். வலது கால் விரல் அசைகிறது. இடது காலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். வெற்றி செல்லாது என்று அன்றே அறிவித்துவிட்டார்கள், சாம்பியன்ஷிப் பெரிய வீட்டுக்கு. என்னை வேலையிலிருந்து நீக்கிய தகவலை மேலாளர் போனில் சொன்னார். அது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வேறு. மயக்கம் பாதி தெளிந்த நிலையில், நடந்தது நினைவில்லாமல் சிட்டு கேட்ட முதல் கேள்வி, "எடை சரியா இருந்துச்சாண்ணே?" என்பதுதான். சொன்னேன். எடையே போடவில்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்புவதற்குக்கூட நர்ஸ் உதவ வேண்டியிருந்தது. அதன் பிறகு என்னோடு பேசவில்லை. நேற்று மட்டும், சுவரைப் பார்த்தபடியே, "எறக்கி விட்டிருக்கலாம்ல? நான் நின்னுருப்பேன்" என்றான்.

நின்றிருப்பானா அக்கா? நீதான் எதிரில் இருந்து பார்த்தாய். நின்றிருக்க மாட்டான் என்று நீ ஒரு வரி எழுது. அதை அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

தம்பி

டிசம்பர் 17

அன்புள்ள தம்பி,

அத்தானுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மனைவி போன் செய்தாள், நீ மூன்று வேளையும் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பதாகச் சொன்னாள். போனை எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இனி இல்லை. வேலையை விட்டுவிட்டேன்.

போன வாரம் புதுச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அடுத்த சீசனிலிருந்து எல்லாக் கார்களும் ஒரு விரல் உயர வேண்டும், கம்பி பொருத்திக்கொள்ளலாம். மேலே சிட்டுவின் புகைப்படம், சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய தியாகம் வீண் போகாது என்று எழுதியிருந்தார்கள். செயலாளர் அதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அப்புறம் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். பொய் எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவனோடு பேசுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டாதே, இது உனக்கு மட்டும்.

அவன் நின்றிருப்பான். கையை ஊன்றியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். நீ இறக்கி விட்டிருந்தால், எண் விழும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பான். நானும் எண்ணைப் பார்த்து, "சரி, அடுத்த ஆள்" என்று சொல்லியிருப்பேன்.

அக்கா